கல்லாப் பெட்டியும் தர்மமும்

சென்ற மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை நாம் காத்தோங்கிலுள்ள ஓர் அங்காடிக்குச் சென்றிருந்தோம். அரிசி ஐந்து கிலோ, தேங்காய் எண்ணெய் ஒரு புட்டி, முட்டை ஒரு தட்டு, சவர்க்காரம் இரண்டு கட்டி, வாங்கியவை இவ்வளவே. அங்காடியின் பெயரை இங்கு எழுத வேண்டுவதில்லை. நாம் சொல்லப் புகுவது ஒரு கடையின் குற்றமன்று. இன்று உலகெங்கும் பல கடைகளில் வழக்கமாகிவரும் ஒரு முறையைப் பற்றியும், அதன் முன் நாம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றியுமே எழுத முற்பட்டோம்.

காத்தோங்கை அறியாத வாசகர்களுக்கு ஒரு சொல். சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியில், ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டின் இரு மருங்கிலும் அமைந்த பழைய குடியிருப்பு அது. ஒரு காலத்தில் கடல் அலை இவ்வூரின் வாயிற்படிக்கே வந்து மோதிற்று. 1966-ஆம் ஆண்டில் தொடங்கிய கடல் நிரப்பும் வேலையால் கடல் விலகிப் போயிற்று; அது கிடந்த இடத்தில் மரின் பரேட் குடியிருப்பு எழுந்தது; 2024-ஆம் ஆண்டு ஜூன் மாதம் முதல் நிலத்தடி ரயிலும் வந்து நிற்கிறது. பெரனாக்கான் மக்களின் வண்ண வீடுகளும், லக்ஸாக் கடைகளும், சிலோன் ரோட்டில் இலங்கைத் தமிழர் போற்றி வளர்த்த செண்பக விநாயகர் கோவிலும் இவ்வூரின் அடையாளங்கள். விற்போரும் வாங்குவோரும் ஓயாது நடமாடும் ஊராதலால், கேட்போரும் ஈவோரும் இங்கு இருத்தல் வியப்பன்று.

நிற்க. சாமான்களை இயந்திரத்தின் முன் ஒவ்வொன்றாகக் காட்டி முடித்தோம். முப்பத்தொரு வெள்ளி நாற்பது காசு என்று கணக்கு வந்தது. பணம் கட்டும் இடம் உடனே வரவில்லை. அதற்கு முன் திரையில் ஒரு படம் தோன்றிற்று: சக்கர நாற்காலியில் அமர்ந்து சிரிக்கும் ஒரு சிறுவன். அதன் கீழே, ஒரு வெள்ளி கொடுத்து உதவுவீர்களா என்ற கேள்வி. ‘ஆம்’ என்னும் பொத்தான் பச்சை நிறத்தில் உள்ளங்கை அளவு இருந்தது. ‘வேண்டாம்’ என்னும் சொல் சாம்பல் நிறத்தில், கண்ணாடி அணிந்தே படிக்கத்தக்க அளவில், ஒரு மூலையில் இருந்தது. நமக்குப் பின்னால் ஐந்து பேர் கூடைகளுடன் காத்து நின்றனர். நாம் பச்சையை அழுத்தினோம்.

வெளியே வந்தோம். நடைபாதையின் ஓரத்தில், மடக்கு நாற்காலி ஒன்றில் சீன மூதாட்டி ஒருவர் அமர்ந்து டிஷ்யூ தாள் பொட்டலங்கள் விற்றுக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்குக் குறையாது. நம்மைக் கண்டதும் பொட்டலங்களை உயர்த்திக் காட்டினார். நாம் தலையை அசைத்து மறுத்துவிட்டுப் பேருந்து நிலையத்தை நோக்கி நடந்தோம். நடக்கையில் நம் உள்ளம் தனக்குத்தானே ஒரு சமாதானம் கூறிற்று: ‘இப்போதுதானே கொடுத்தோம்!’

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதினால் அது பொய்யாகும். நன்றாகவே தூங்கினோம். மறுநாள் காலை அரிசியைப் பானையில் கொட்டும்போதுதான் அந்தச் சமாதானம் நினைவுக்கு வந்து உறுத்திற்று. யாருக்குக் கொடுத்தோம்? தெரியாது. எந்த ஸ்தாபனத்தின் பெயர் திரையில் இருந்தது? நினைவில்லை. ஏன் கொடுத்தோம்? பின்னால் நின்ற ஐவரின் கண்களுக்கு அஞ்சிக் கொடுத்தோம். அவர்களோ நம்மைப் பார்த்தார்களா என்பதும் ஐயமே. அவரவர் கைப்பேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருப்பர். ஆக, இல்லாத கண்களுக்கு ஒரு வெள்ளி கொடுத்தோம். இருந்த கண்களுக்கு இல்லையென்றோம். இதற்குத் தர்மம் என்று பெயரிடலாமா?

வாசகர்கள் சிலர், ‘ஒரு வெள்ளிக்கு இத்தனை ஆராய்ச்சியா?’ என்று நகைக்கலாம். ஒரு வெள்ளி சிறிதுதான், முறை சிறிதன்று. அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் மட்டும் கடைகளின் கல்லாவின் முன் இவ்வாறு கேட்டுத் திரட்டிய பெரிய நிதிகள் 77. அவற்றில் சேர்ந்த தொகை 74 கோடியே 90 லட்சம் டாலர். பிரிட்டனில் 2010-ஆம் ஆண்டு தொடங்கிய ‘பென்னீஸ்’ என்னும் அறநிறுவனம், அட்டையால் பணம் கட்டுவோரிடம் சில்லறையை மேல் முழுத் தொகையாக்கிக் கேட்கும் இயந்திர உண்டியலைக் கடைகளில் வைத்தது. ஆகாய விமானங்களில் பயணிகளின் பைகளில் எஞ்சும் அந்நிய நாட்டுச் சில்லறையை யுனிசெஃப் 1987 முதற்கொண்டு திரட்டி வருகிறது. சிங்கப்பூரிலும் கம்யூனிட்டி செஸ்ட் என்னும் பொது நிதி, வியாபாரிகள் தம் வாடிக்கையாளர் பணம் கட்டும் இடத்திலேயே ஈகையைப் புகுத்துமாறு ஊக்குவிக்கிறது. நாணயம் கைமாறிய காலத்தில் கல்லாவின் அருகே ஒரு தகர உண்டியல் இருந்தது. மீதிக் காசை அதில் போட்டால் போட்டோம், இல்லையேல் இல்லை. உண்டியல் நம்மைக் கேள்வி கேட்டதில்லை. காசு மறைந்து அட்டையும் கைப்பேசியும் வந்தபின் உண்டியலுக்கு வாய் முளைத்தது, அதுவே மாறுதல்.

நம் பக்கத்து மளிகைக் கடைகளில் ‘கொசுறு’ என்றொரு வழக்கம் உண்டு. காய்கறி வாங்கினால் ஒரு கொத்துக் கறிவேப்பிலை, பருப்பு வாங்கினால் ஒரு பிடி மேலாக, பிள்ளையைக் கூட்டிச் சென்றால் அதன் கையில் ஒரு துண்டு வெல்லம். வியாபாரி வாங்குவோனுக்குக் கொடுப்பது கொசுறு. இக்காலத்துப் பேரங்காடியிலோ வியாபாரி வாங்குவோனிடம் கொசுறு கேட்கிறான். அதையும் பிறர் பெயரால் கேட்கிறான். ஈயும் வழக்கம் தலைகீழாக நிற்பதைப் பாருங்கள்.

ஆயினும், வியாபாரத்தோடு தர்மத்தைப் பிணைத்தல் நமக்குப் புதிதன்று. தமிழ் வணிகர் ‘மகமை’ என்று ஒன்றை வைத்திருந்தனர். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் தம் வாணிபத்தில் ஒரு பங்கை மகமையாக எழுதி வைத்தனர். சிங்கப்பூரில் மார்க்கெட் ஸ்திரீட்டில் கிட்டங்கி வைத்திருந்த அவர்கள், 1859-ஆம் ஆண்டில் டேங்க் ரோட்டில் தண்டாயுதபாணி கோவிலை எழுப்பினர். திருநெல்வேலிச் சீமையிலும் இராமநாதபுரம் சீமையிலும் நாடார் வணிகர்கள் வண்டியில் வந்திறங்கும் மூட்டை ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று மகமை வைத்து, அதைக் கொண்டு கிணறு வெட்டினர், சந்தை கட்டினர், பள்ளி நடத்தினர். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டு தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை இவ்வகையில் வளர்ந்தது. அப்பள்ளிக்கு ‘பிடி அரிசி’த் திட்டமும் துணை நின்றது. உலையில் அரிசி இடுமுன் வீட்டுப் பெண்மணி ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் இடுவாள். வாரந்தோறும் பள்ளியின் ஆட்கள் வந்து வாங்கிச் செல்வர். அப்பிடி அரிசியில் படித்த பிள்ளைகளுள் ஒருவர் காமராசர் என்பதைத் தமிழ்நாடு அறியும்.

நமது பாட்டியார் வீட்டிலும் அடுப்பங்கரையில் அத்தகைய சிறு பானை ஒன்று இருந்தது. அரிசி தட்டுப்பட்ட நாட்களிலும் அவர் பிடியைக் குறைத்தாரேயன்றி நிறுத்தியதில்லை. யாரும் அவர் கையைப் பார்க்கவில்லை. பானை நிறைந்ததா என்று கேட்போரும் இல்லை.

மகமையில் குறையே இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. அது பெரும்பாலும் தன் சாதியளவில் நின்ற தர்மம். மகமை கொடாதவன் ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது. எனவே அதிலும் நிர்ப்பந்தம் இருந்தது. ஆனால் இரண்டு விஷயங்கள் அதில் இருந்தன. முதலாவது, வியாபாரி தன் பணத்தைக் கொடுத்தான்; வாங்க வந்தவனின் மடியைத் தடவவில்லை. இரண்டாவது, பணம் எங்குச் சென்றது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. கிணற்றில் தண்ணீர் இருக்கிறதா, பள்ளியில் வாத்தியார் வந்தாரா என்பதைக் கொடுத்தவனே சென்று பார்க்கலாம். கணக்கில் ஐயம் வந்தால் கூட்டத்தில் எழுந்து கேட்கலாம். திரையில் பச்சைப் பொத்தானை அழுத்திய நாம் எந்தக் கூட்டத்தில் எழுந்து நிற்பது?

சிங்கப்பூர்த் தமிழர் சிறு தொகையின் வலிமையை அறியாதவர் அல்லர். 1950-களில், மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு உரிய இடம் வேண்டித் ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதி எழுந்தபோது, ஆளுக்கு ஒரு வெள்ளி என்றே கேட்கப்பட்டது. துறைமுகத் தொழிலாளியும் நகரசுத்தித் தொழிலாளியும் கொடுத்த ஒரு வெள்ளி அது. அதே காலத்தில், 1954-ஆம் ஆண்டு, நன்யாங் பல்கலைக்கழகத்துக்காகச் சீன ரிக்‌ஷா ஓட்டிகள் தம் ஒரு நாள் உழைப்பின் கூலியைக் கொடுத்தனர். அந்த ஒரு வெள்ளிக்கும் நாம் காத்தோங்கில் அழுத்திய ஒரு வெள்ளிக்கும் மதிப்பில் உள்ள வேற்றுமையைப் பொருளியலார் விலைவாசியைக் கொண்டு கணக்கிடக்கூடும். ஆனால் பெரிய வேற்றுமை வேறு. அவர்கள் எதற்குக் கொடுக்கிறோம் என்று அறிந்து கொடுத்தனர். கொடுத்ததைப் பிள்ளைகளிடம் சொன்னர். நாம் நம் பிள்ளைகளிடம் என்ன சொல்வோம்?

இனி, எதிர்வாதத்தையும் நேர்மையாக எடுத்துரைப்போம். அதனை எடுத்துரைக்க நமக்குத் தனிக் கடமை உண்டு. நமது தமையனார் இருசிறுநீரகமும் பழுதாகி எட்டு ஆண்டுகள் இரத்தச் சுத்திகரிப்பில் உயிர் வாழ்ந்தார். வாரத்தில் மூன்று நாள். நாளொன்றுக்கு நான்கு மணி நேரம். அவர் லாரி ஓட்டிப் பிழைத்தவர். முழுச் செலவையும் நம் குடும்பம் தாங்கியிருந்தால் இரண்டாம் ஆண்டிலேயே வீட்டை விற்றிருப்போம். தாங்கியது ஓர் அறநிறுவனம். அந்நிறுவனத்தைத் தாங்கியது முகம் அறியாத மக்களின் இரண்டு வெள்ளியும் ஐந்து வெள்ளியும். அவர்களுள் எத்தனை பேர் மனமுவந்து கொடுத்தனர், எத்தனை பேர் கூச்சத்தால் கொடுத்தனர் என்று தமையனாரின் இரத்தம் கேட்கவில்லை. கூச்சத்தால் வந்த வெள்ளியும் குழாய் வழியே ஓடி அவரைக் காத்தது. ஆதலால், கல்லாவின் முன் கேட்பதெல்லாம் மோசடி என்று மேடையேறிப் பேசும் உரிமை நமக்கில்லை. நாம் வாங்கி உண்ட குடும்பம்.

ஆனால் அதே அனுபவம் மற்றொன்றையும் கற்பித்தது. 2005-ஆம் ஆண்டு ஜூலை மாதம் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தின் வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் நடந்தது. தலைமை நிர்வாகியின் அலுவலகக் குளியலறையில் பொன்முலாம் பூசிய குழாய் இருந்ததாக எழுதிய பத்திரிகை நிறுவனத்தின்மீது அவர்களே தொடுத்த மானநஷ்ட வழக்கு அது. விசாரணையில், அந்நிர்வாகிக்கு ஊதியமும் போனசுமாக ஆண்டுக்கு ஆறு லட்சம் வெள்ளி அளவில் சென்றமையும், கையிருப்பு எத்தனை ஆண்டுக்குப் போதும் என்பது பற்றிப் பொதுமக்களிடம் சொல்லப்பட்டது உண்மைக்கு மாறானது என்பதும் வெளிப்பட்டன. வழக்குக் கைவிடப்பட்டது, தலைமை நிர்வாகியும் நிர்வாகக் குழுவினரும் விலகினர். ஆயிரக்கணக்கானோர் மாதந்தோறும் கொடுத்து வந்த நன்கொடையை நிறுத்தினர்.

நமது தமையனார் அப்போது சிகிச்சையில் இருந்தார். எந்த நிறுவனத்தில் என்பது இங்கு வேண்டா. அன்று மாலை அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு நம்மிடம், “தம்பி, கொடுக்கிறவன் கோபப்பட்டால் நியாயம். ஆனால் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவன் என்ன செய்வான்?” என்றார். நாம் விடை கூறவில்லை. கணக்கு மறைந்திருக்கும் ஈகையில் முதலில் ஏமாறுபவன் கொடுப்பவன். இறுதியில் துன்புறுபவன் பெறுபவன். ஆகவே, கணக்கைக் கேட்பது கஞ்சத்தனமன்று. பெறுபவனுக்குச் செய்யும் காவல் அது. இதனை நாம் தமையனாரிடமிருந்தே கற்றோம்.

நல்ல வேளையாக, இந்நாட்டில் சட்டம் இவ்விஷயத்தில் தூங்கவில்லை. வீடுவீடாகவும் தெருவிலும் நிதி திரட்டுவதற்கு அனுமதி பெறவேண்டும் என்னும் சட்டம் 1947-ஆம் ஆண்டிலேயே பிறந்தது. இன்றும் நடைமுறையில் உள்ளது. கொடி நாளில் பள்ளிப் பிள்ளைகள் குலுக்கும் தகரக் குவளைக்குப் பின்னால் அனுமதிச் சீட்டு ஒன்று இருக்கிறது. நிதி திரட்டும் செலவு, திரட்டிய தொகையில் நூற்றுக்கு 30-ஐத் தாண்டலாகாது என்னும் வரம்பும் உண்டு. அறநிறுவனங்களின் பெயரும் கணக்கும் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடப்படுகின்றன. தேடினால் கிடைக்கும். ஆனால் கல்லாவின் முன் நிற்பவனுக்குத் தேட நேரம் ஏது? மூன்று விநாடியில் அவன் ஈகையாளனா அல்லனா என்று இயந்திரம் தீர்ப்புக் கேட்கிறது.

நம் இந்தியச் சமூகத்தில் மற்றொரு முறையும் இருக்கிறது. 1991-ஆம் ஆண்டு அமைந்த சிண்டா என்னும் மேம்பாட்டுச் சங்கத்துக்கு, இந்தியத் தொழிலாளர் ஒவ்வொருவரின் சம்பளத்திலிருந்தும் மத்திய சேம நிதி வழியாக மாதம் ஒரு வெள்ளி முதல் முப்பது வெள்ளி வரை, வருமானத்துக்கேற்பச் சேர்கிறது. வேண்டாதவர் எழுதிக் கொடுத்து விலகலாம். இதுவும் கேளாமலே எடுப்பதுதானே என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் உண்டு. எனினும், சம்பளச் சீட்டில் அதன் பெயர் மாதந்தோறும் அச்சாகி வருகிறது. குறைந்த வருமானம் உடையவனிடம் குறைவாக எடுக்கிறது. பணம் எங்கள் பிள்ளைகளின் பாட வகுப்புக்குச் செல்வதை நாமே காண்கிறோம். கல்லாவிலோ கோடீசுவரனுக்கும் ஒரு வெள்ளி, கூலிக்காரனுக்கும் ஒரு வெள்ளி. அதிலும் முட்டையும் அரிசியும் வாங்க வந்த நேரத்தில்.

கேட்பதனால் விளைவது என்ன என்பதை அறிஞர்கள் சோதித்தும் பார்த்திருக்கின்றனர். அமெரிக்காவில் பாஸ்டன் நகருக்கு அருகே ஒரு பேரங்காடியின் வாயில்களில் மணியடித்து நிதி திரட்டுவோரை நிறுத்தி மூன்று பொருளியலார் செய்த ஆராய்ச்சி 2017-ஆம் ஆண்டு வெளியாயிற்று. வாய்திறந்து கேட்டபோது நன்கொடை நூற்றுக்கு 75 உயர்ந்தது. அதே சமயம், கேட்பவர் நின்ற வாயிலைத் தவிர்க்க வேறு வாயிலைத் தேடியோர் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர். 2012-ஆம் ஆண்டு வெளியான மற்றோர் ஆராய்ச்சியில், நிதி கேட்டு வருவோம் என்று வீட்டுக் கதவில் முன்கூட்டியே சீட்டு வைத்து, ‘வரவேண்டாம்’ என்று குறியிடவும் இடம் கொடுத்தனர். நன்கொடை நூற்றுக்கு 28 முதல் 42 வரை குறைந்தது. இதன் பொருள் யாது? நாம் கொடுப்பதில் ஒரு பகுதி இரக்கத்தினால். மற்றொரு பகுதி தப்ப வழியின்மையால். பேரங்காடி வாயிலுக்கு இரண்டு கதவுண்டு. கல்லாவுக்கு ஒரே வழிதான்.

இவ்விஷயத்தில் உலவும் ஒரு தவறான எண்ணத்தையும் நீக்குவோம். ‘கடைக்காரன் நம் பணத்தைத் தன் நன்கொடையாகக் காட்டி வரியில் கழித்துக்கொள்ளுகிறான்’ என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இம்முறை மிகுந்து வழங்கும் அமெரிக்காவில் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. அங்கு நன்கொடையாளர் வாடிக்கையாளரே. கடை பணத்தைக் கொண்டு சேர்க்கும் தூதன் மட்டுமே. சிங்கப்பூரில், தகுதி பெற்ற அறநிறுவனங்களுக்குக் கொடுப்போருக்கு 2026-ஆம் ஆண்டு இறுதிவரை கொடுத்த தொகையைப்போல் இரண்டரை மடங்கு வருமானத்தில் கழிவு உண்டு. ஆனால் கொடுப்பவர் தம் அடையாள எண்ணைத் தெரிவித்தாக வேண்டும். இயந்திரத்தின் முன் பெயரின்றி ஒரு வெள்ளி கொடுத்தவருக்கு அக்கழிவும் இல்லை. கடைக்குக் கிடைக்கும் இலாபம் வேறு, அது நற்பெயர். ஆண்டின் இறுதியில் பெரிய அட்டைக் காசோலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் படத்தில் கடை இருக்கும். பணம் கொடுத்த பல்லாயிரவர் அப்படத்தில் இரார். அதனை நாம் குற்றம் என்று சொல்லவில்லை. ‘மக்கள் இவ்வளவு கொடுத்தனர், அதனுடன் நாங்கள் இவ்வளவு சேர்த்தோம்’ என்று இரண்டு தொகையையும் பிரித்து எழுதினால் போதும் என்கிறோம்.

நாம் மேலே கூறிய அங்காடிக்கு அடுத்த வாரமும் சென்றோம். இம்முறை இயந்திரத்தை விடுத்து, ஆள் இருக்கும் வரிசையில் நின்றோம். காசாளர் ஒரு தமிழ் அம்மையார்; அறுபது வயதிருக்கும். பொருள்களை எண்ணி முடித்தபின், நம் முகத்தைப் பாராமலே, “தம்பி, ஒரு வெள்ளி போடட்டுமா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நான் கேட்கத்தான் வேண்டும்” என்றார்.

“நாளைக்கு எத்தனை பேரிடம் அம்மா கேட்கிறீர்கள்?” என்று வினவினோம்.

“எண்ணவில்லை, தம்பி. சிலர் சிரிக்கிறார்கள். சிலர் என்னையே திட்டுகிறார்கள். நான் எனக்காகவா கேட்கிறேன்?” என்றார்.

வாசகர்களே, இம்முறையில் கவனிக்கப்படாத ஆள் இவர்தான். கொடுப்பவனின் கூச்சத்தைப் பற்றி நாம் இதுகாறும் பேசினோம். நாள் முழுவதும் நின்றுகொண்டு, பிறர் பெயரால் கை நீட்டி, மறுப்பையும் ஏச்சையும் தன் முகத்தில் வாங்கிக்கொள்ளும் இத்தொழிலாளியின் கூச்சத்துக்கு யார் கணக்கு வைக்கிறார்கள்? அவருடைய வேலை ஒப்பந்தத்தில் இரத்தல் ஒரு கடமையாக எழுதப்பட்டிருந்ததா?

ஆகவே, குற்றம் கூறியதோடு நில்லாமல் நமது யோசனைகளையும் வைக்கிறோம். கேட்கும் உரிமையைக் கடைக்கு மறுக்கவில்லை. கேட்கும் முறைக்கு ஒழுங்கு வேண்டுமென்கிறோம். பெறும் ஸ்தாபனத்தின் பெயர் கேள்வியிலேயே இருக்கட்டும். ‘ஆம்’, ‘வேண்டாம்’ இரண்டும் ஒரே அளவில், ஒரே நிறத்தில் இருக்கட்டும். காசாளரைக் கேட்கச் சொல்லாதிருக்கட்டும். எழுத்து கேட்டால் போதும். சென்ற மாதம் சேர்ந்தது இவ்வளவு, கொண்டு சேர்த்தது இன்ன நாள், கடை தன் பணமாகச் சேர்த்தது இவ்வளவு என்று வாயிலில் ஒரு தாள் ஒட்டட்டும். இது முடியாத காரியமன்று. 2023-ஆம் ஆண்டு ஜூலை 3-ஆம் தேதி முதல் ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்ட பேரங்காடி நிறுவனங்கள் ஒவ்வொரு பைக்கும் குறைந்தது 5 காசு வாங்குகின்றன. எத்தனை பை கொடுத்தோம், எவ்வளவு சேர்ந்தது, அதை என்ன செய்தோம் என்று அவை வெளியிட்டாக வேண்டும் என்பது சட்டம். ஐந்து காசுப் பைக்குக் கணக்கு எழுதத் தெரிந்தவர்களுக்கு ஒரு வெள்ளி தர்மத்துக்குக் கணக்கு எழுதத் தெரியாதா?

வாங்குவோராகிய நமக்கும் ஒரு வார்த்தை. கல்லாவின் முன் ‘வேண்டாம்’ என்று சொல்லுவது பாவமன்று. அதைச் சொல்லிவிட்டு எங்கும் கொடாமல் இருப்பதுதான் நாணத்தக்கது. ஈகையை வரிசையில் நின்று மூன்று விநாடியில் முடிவு செய்யலாகாது; வீட்டில் அமர்ந்து, குடும்பத்தோடு பேசி, யாருக்கு, எவ்வளவு, ஏன் என்று அறிந்து முடிவு செய்தல் வேண்டும். நம் வீட்டில் இப்போது பாட்டியாரின் பானைக்குப் பதிலாக ஒரு கண்ணாடிப் புட்டி இருக்கிறது. கடைக்குச் சென்று வரும்போதெல்லாம் அதில் ஒரு வெள்ளி போடுகிறோம். மாத இறுதியில் எண்ணி, சிறுநீரக நோயாளிகளுக்கு உதவும் ஓர் ஸ்தாபனத்துக்கு நம் பெயரிலேயே அனுப்புகிறோம். அதன் ஆண்டறிக்கையையும் இம்முறை முதற்பக்கம் முதல் கடைசிப் பக்கம் வரை படித்தோம். தமையனார் 2009-ஆம் ஆண்டு மறைந்தார். அவர் இருந்திருந்தால் கணக்கில் ஏதேனும் ஒரு பிழையைக் கண்டுபிடித்திருப்பார்.

அந்த இரண்டாம் சனிக்கிழமை, அம்மையாரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தோம். அவர் அதற்கு நன்றி கூறியது போலவே இருந்தது. மூதாட்டியார் அதே இடத்தில் இருந்தார். நான்கு பொட்டலம் இரண்டு வெள்ளி என்று விரலால் காட்டினார். நாம் ஐந்து வெள்ளித் தாள் ஒன்றைக் கொடுத்து, மீதி வேண்டாம் என்று கையசைத்தோம். அவர் முகம் சுருங்கிற்று. இடுப்புப் பையைத் திறந்து மூன்று வெள்ளியை எண்ணி எடுத்து நம் கையில் வைத்து மூடினார். பிறகு நான்கு பொட்டலத்தின் மேல் ஐந்தாவதாக ஒன்றை வைத்துச் சிரித்தார்.

நமக்குச் சீன மொழி தெரியாது. ஆயினும் அதன் பொருள் விளங்கிற்று. அது கொசுறு.